என் பங்கு ஜெபம்

அறுப்புக் கூலி உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத் தகராறில் கணவர் ஜெயிலுக்குப் போனதிலிருந்து எனக்குத் தூக்கமும் இல்லை, ஜெபமும் இல்லை. ஜெபமாலை மாதத்தில் வீடு வீடாகத் தங்கும் மாதா சுரூபம், அந்தச் சிறு சிலை, என் முறைக்கு என் வீட்டுக்கு வந்தது. வீட்டுக்காரிதான் ஜெபமாலையைத் தொடங்க வேண்டும். முதல் வரியிலேயே நிறுத்திவிட்டேன்.

"எனக்கு ஜெபமே வரலைங்க. மாதா மேலயே கோவமா இருக்கு" என்று ஜெபத்துக்குக் கூடியிருந்த எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

ஆரோக்கியம் அக்காதான் என் கையிலிருந்து ஜெபமாலையை வாங்கினார். வேலைநிறுத்தத்தை மீறி அவர் கணவர் அறுப்புக்குப் போனதால், நான் பேச்சை முறித்துக்கொண்டவர் அவர்.

"கோவம் அது பாட்டுக்கு இருக்கட்டும். நீ சாஞ்சுக்கம்மா. உன் பங்கையும் நாங்க சொல்றோம்."

சுவரில் சாய்ந்தேன். விழித்தபோது விடிந்திருந்தது. மாதாவுக்குப் பக்கத்தில் அக்கா உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார்.

எனக்கு ஜெபம் திரும்பி வர வெகுநாள் ஆயிற்று. அதுவரை என் பங்கை அவர்தான் சொன்னார்.