சைவ வீட்டில் ஒரு மீனின் உண்ணாவிரதம்

டெல்லி கரோல் பாக்கில் வாங்கிய ஃபைட்டர் மீன், வந்ததிலிருந்து எதையும் தொடவில்லை.

அம்மா இட்லித் துணுக்கைப் போட்டு, "சாப்டுடா கண்ணா" என்று தொட்டியிடம் கெஞ்சினாள். மீன் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

மீன் கடைக்காரருக்கு போன் செய்தேன். "அரே பேட்டா, வோ தோ நான்-வெஜ் ஹை!" அது அசைவமாம்; காய்ந்த புழு போடாவிட்டால் செத்துவிடுமாம்.

முட்டையைக்கூட வீட்டுக்குள் விடாத அம்மா, மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, வாங்கிண்டு வா. பாக்கெட் பால்கனியிலதான் இருக்கணும். தனி ஸ்பூன்."

இன்று சாயங்காலம் புழு தண்ணீரில் விழுந்ததும் மீன் லபக்கென்று விழுங்கியது. அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாவம், எவ்ளோ பசி!"

நல்ல நேரம் பார்த்து, "அம்மா, எனக்கு ஒரு ஆம்லெட்?" என்றேன்.

"உனக்கென்ன? நன்னாத்தானே சாப்பிடறே!"

நாளை காலை நானும் இட்லியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளப் போகிறேன். எத்தனை வேளை தாங்கினால் முட்டை வரும்? அனுபவசாலிகள் சொல்லுங்கள்.