தேர் வண்டிக்கு ஒரு சூட்டு மீட்டர்

என் வீட்டுக்காரர் புனிதனுக்கு ஒரு வியாதி உண்டு. மீட்டர் வியாதி. செம்பனை எண்ணெய் மில்லில் பாய்லர் பார்க்கிறவர். பதினெட்டு வருஷமாக மீட்டர் முள்ளையே முறைத்துப் பார்த்துப் பழகி, வீட்டுக்கு வந்தாலும் கண் முள்ளைத்தான் தேடும். ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷின் மூன்று வைத்திருக்கிறார்; மூன்றும் ஒரே கணக்குச் சொன்னால்தான் நம்புவார். மகளுக்கு உடம்பு கொதிக்கிறது என்று நான் சொன்னால் அது காய்ச்சல் இல்லை. தெர்மாமீட்டர் சொன்னால்தான் காய்ச்சல். கட்டிக்கொண்டு வந்தவள் பேச்சை விட, கடையில் வாங்கிய பிளாஸ்டிக் குச்சிக்கு மரியாதை அதிகம்.

அப்பேர்ப்பட்ட மனுஷனை ஒரு மீட்டர்தான் போன வருஷம் ஊர் முன்னால் தலைகுனிய வைத்தது.

எங்கள் எஸ்டேட் தம்பின் டவுனிலிருந்து இருபது நிமிஷம் உள்ளே. மாரியம்மன் திருவிழாவில் தேரை இழுப்பது எங்கள் பழைய டீசல் பிக்கப். ஒன்பது வருஷமாக அதுதான் இழுத்தது. போன வருஷம் மேட்டில் பாதி ஏறியதும் வண்டி ஊளையிட்டது, கரும்புகை கக்கியது, நின்றுவிட்டது. எஞ்சினுக்குக் காற்றை ஊதி வலுக் கூட்டும் டர்போ எரிந்து போயிற்று. அம்மனுக்குச் சாத்திய மஞ்சள் பட்டில் கரி. கூட்டமே "ஐயையோ" என்றது. இவர் மட்டும் டேஷ்போர்டைக் காட்டி, "மீட்டர் நடுவுலதான் இருக்கு! பாருங்க, நடுவுலதான் இருக்கு!" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு, டர்போவை மாற்றியும்கூட, ஒரு வருஷம் கோயிலுக்குப் போனால் செருப்பு விடுகிற இடத்தைத் தாண்டமாட்டார். கூப்பிட்டாலும் வரமாட்டார். பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

கோயில் தலைவர் நல்லசாமி இந்த வருஷம் வீட்டுக்கே வந்து சொன்னார். "புனிதா, இன்னொரு தடவதான் லா. தட்டு நீட்டுற வீட்டுக்கு முன்னால தவிர வேற எங்கயாவது வண்டி நின்னுச்சு, பின்னாலயே தம்பின் லோரி வந்துக்கிட்டு இருக்கும். தேரக் கழட்டி அதுல மாட்டிருவேன். அப்புறம் நீ தேர் பக்கமே வராத."

இவர் அன்றைக்குச் சோறு தின்னவில்லை.

மறுநாள் தம்பினில் பட்டறை வைத்திருக்கும் ஸைதிடம் போனோம். ஸைத் பேனெட்டைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். "அண்ணே, உங்க மீட்டர் பொய் சொல்லல. அது தண்ணி சூட்டைத்தான் பாக்கும். டர்போவ எரிச்சது எஞ்சின்ல இருந்து வர்ற புகையோட சூடு. அதுக்குத் தனி மீட்டர் போடணும். புகை டர்போவுக்குப் போற வழியில ஓட்டை போட்டு, கம்பி மாதிரி ஒரு புரோப் சொருகுவேன். எழுநூறு டிகிரி தாண்டினா நிறுத்திரணும். எஞ்சின அணைக்காம சும்மா ஓட விட்டீங்கன்னா ரெண்டு நிமிஷத்துல ஆறிரும்."

இன்னொரு மீட்டர் என்றதும் இவர் முகம் மலர்ந்தது. ஓட்டை என்றதும் வாடியது.

"நல்லா இருக்கிற இரும்புல எதுக்குப்பா ஓட்டை? மேலயே வச்சு ஒட்ட முடியாதா?"

"புகை உள்ளதானே அண்ணே போகுது?"

ஸைத் டிரில்லை எடுத்ததும் இவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ராகுகாலம் முடிய முக்கால் மணி நேரம் இருந்தது. ஸைத் டிரில்லைக் கீழே வைத்துவிட்டு கடையில் தேத்தாரி டீ குடிக்கப் போனான். திரும்பி வந்தவன், இரும்புத் துகள் ஒன்று டர்போவுக்குள் விழுந்தாலும் அதோடு கதை முடிந்தது என்று சொல்லி, அந்தப் புகைக்குழாய்த் துண்டையே கழற்றினான். கழற்றும்போது ஒரு போல்ட் முறிந்தது. இவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு டயர் மேல் உட்கார்ந்தார். ஓட்டை போட்டு, மரை வெட்டி, துகளையெல்லாம் ஊதித் துடைத்து, புரோப்பை முடுக்கி முடிக்க மாலையாகிவிட்டது.

அப்புறம்தான் கூத்து. புரோப்போடு வந்த வயர் நீளம் பற்றவில்லை. அதை வேறு வயரோடு ஒட்டுப் போட்டால் முள் தப்பாகக் காட்டுமாம். அதனால் வயர் எட்டிய இடத்தில், இடது ஓரத்தில், நான் உட்காருகிற பக்கம் மீட்டரைப் பொருத்தினான். ஓட்டுகிறவருக்கு மீட்டர் கண்ணாடிதான் தெரியும், முள் தெரியாது.

"என் வண்டி மீட்டர நான் பாக்க முடியாதா?"

"அண்ணி படிச்சுச் சொல்லட்டுமே," என்றான் ஸைத்.

மூன்று மெஷினில் பார்த்து நம்புகிறவர், இனி என் வாயை நம்ப வேண்டும். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது, சொல்லாமல் என்ன.

திருவிழா அன்று சாயங்காலம் தேர் புறப்பட்டது. நல்லசாமி முன்னால் நடந்து, நில், போ என்று கை காட்டினார். நான் முள்ளைப் படித்தேன். முந்நூறு. முந்நூற்று நாற்பது. தட்டு நீட்டிய வீடுகளில் நின்று நின்று போனதால் ஏறவில்லை. மேடு வந்தது. நானூறு. ஐந்நூறு. இவருக்கு வியர்த்து ஊற்றியது.

மேட்டில் ஒரே ஒரு வீடு. ராக்கம்மா அக்கா வீடு. ஆறு வருஷத்துக்கு முன்னால் அன்னதானத்தன்று மைக்கைப் பிடுங்கி, "சாம்பார்ல பருப்ப யாராச்சும் கண்டுபிடிச்சா சொல்லுங்கப்பா!" என்று கேட்டுவிட்டது. சாம்பார் நல்லசாமி மேற்பார்வை. அதோடு சரி, தேர் அந்த வீட்டில் நிற்பதில்லை. நல்லசாமி போ என்று கை காட்டுவார், எங்கள் வண்டியும் போய்விடும். ராக்கம்மா அக்கா மட்டும் ஒவ்வொரு வருஷமும் குளித்து, தேங்காய் பழம் வைத்த தட்டோடு கேட்டருகே வந்து நிற்கும். தேர் தாண்டிப் போனதும் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகும். ஓட்டுகிறவர் என் புருஷன் என்பதில் எனக்கு வயிறு எரியும்.

இந்த வருஷமும் அக்கா வந்து நின்றது. முழங்கால் வலியால் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது. நல்லசாமி போ என்று கையை வீசினார்.

முள் ஐந்நூற்று எழுபதில் இருந்தது.

"எழுநூத்தி இருபது!" என்று கத்தினேன். "நிறுத்துங்க!"

"இங்கயா?"

"டர்போ போயிருங்க! நிறுத்துங்க!"

நிறுத்திவிட்டார். சரியாகக் கேட்டுக்கு நேரே. பின்னால் தம்பின் லோரியும் நின்று ஹாரன் அடித்தது. நல்லசாமி வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"யாரக் கேட்டு நிறுத்தின? வண்டி படுத்துருச்சா?"

"எஞ்சின் ஓடுது அண்ணே. மீட்டர் நிறுத்தச் சொல்லுது."

நல்லசாமி என் பக்கம் தலையை நுழைத்தார். சும்மா ஓடிய எஞ்சினில் முள் அதற்குள் முந்நூறுக்கு இறங்கிவிட்டது. "முந்நூறுதானே காட்டுது?"

"அதான் நிறுத்தினதும் ஆறுது பாருங்க," என்றேன்.

பூசாரி இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தட்டு நீட்டியிருந்தது, வாங்கிவிட்டார். பெயர் நட்சத்திரம் கேட்டார். ராக்கம்மா அக்கா அழுதுகொண்டே சொல்லத் தொடங்கியது. மகன்கள், மருமகள்கள், ஜொகூரில் இருக்கும் பேரப்பிள்ளைகள், பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பிள்ளை வரைக்கும் சொன்னது. கடைசியாக, "நல்லசாமி பேரும் சொல்லிக்குங்க சாமி, அவனுக்கும் சக்கர வியாதி," என்றது. நல்லசாமி வேட்டியைக் கீழே விட்டார். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. என்ன செய்வார்? கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, போ என்று கை காட்டினார்.

மேடு ஏறினோம். கோயில் வாசலில் தேரை விட்டபோது மணி ஏழரை. லோரிக்காரன் வெறுங்கையோடு திரும்பிப் போனான். இவர் இறங்கி, ஒரு வருஷத்துக்கப்புறம் சன்னதி வரைக்கும் போய்க் கும்பிட்டார். எனக்குத்தான் கும்பிட வாய் வரவில்லை. லோரியில் மாட்டியிருந்தால் இந்த மனுஷன் முகத்தில் எப்படி முழித்திருப்பேன்?

அன்னதானத்தில் இலை போட்டு உட்கார்ந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ரோகினி, ஆக்ஸிலேட்டர்ல நான் பாதி மிதிதான் மிதிச்சிருந்தேன். பாதி மிதியில எழுநூறு வராது. நிஜமா எவ்வளவு?"

இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "ஐந்நூத்தி எழுபது."

"ம். நானும் அறுநூறுக்குள்ளன்னுதான் நெனச்சேன்."

"தெரிஞ்சுமா நிறுத்தினீங்க? அவரு லோரியில மாட்டியிருந்தா?"

அப்பளத்தை நொறுக்கிச் சோற்றில் போட்டுக்கொண்டார். "ஆறு வருஷமா அந்த அக்கா முகத்தப் பாக்காமத்தான்டி ஓட்டினேன். பயந்தாங்கொள்ளி நான். நிறுத்துங்கன்னு யாராச்சும் சொல்ல மாட்டாங்களான்னு இருந்துச்சு."