பாய்மரப் படகில் ஒரு குடித்தனம்

போன வாரம் விழுப்புரத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். மாப்பிள்ளை வீட்டுச் சொந்தம். சாதம் வருவதற்குள் என் சரித்திரத்தை யாரோ அவள் காதில் ஓதிவிட்டார்கள்.

"ஆன்ட்டி, நீங்களும் அங்கிளும் போட்லயே குடித்தனம் பண்ணிக்கினு கடல்ல சுத்துனீங்களாமே! ரெண்டே பேரு... செம ஹனிமூனா இருந்திருக்குமில்ல?"

சிரித்து வைத்தேன். இலையில் ரசம் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கதையைச் சொல்ல முடியுமா? உங்களிடம் சொல்லலாம். வாராவாரம் என் புலம்பலைப் பொறுத்துக்கொள்கிறவர்கள் நீங்கள்!

என் கணவர் அந்தோணி மஸ்கட்டில் ஒரு படகுப் பட்டறையில் ஃபைபர் வேலை பார்த்தவர். நான் திண்டிவனத்தில். கல்யாணமாகி பதினெட்டு வருஷம் இப்படித்தான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். வீட்டுக்கு அடித்த பெயின்ட் வாசனை போவதற்குள் கிளம்பிவிடுவார். குழந்தை இல்லை. வெள்ளிக்கிழமை தோறும் போன் வரும். கொஞ்ச நேரம்தான். அதற்காக வாரம் முழுக்கச் செய்தி சேர்த்து வைப்பேன் — பக்கத்து வீட்டுச் சண்டை, மாதா கோயில் தேர்பவனி, மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையின் விலை... எல்லாம்.

அப்படி ஒரு போனில்தான் படகைப் பற்றிச் சொன்னார். பட்டறைக்கு வெள்ளைக்காரத் தம்பதிகள் பாய்மரப் படகோடு வருவார்களாம். புருஷனும் பெண்டாட்டியும் மட்டும். சமையல், தூக்கம் எல்லாம் அதிலேயே. கரையோரமாகவே ஊர் ஊராகப் போவார்களாம்.

"நாமளும் ஒருநாளு அப்டிப் போவணும் ரீட்டா."

"போலாங்க" என்றேன். போனில் ஒத்துக்கொள்வதில் என்ன கஷ்டம்?

மனிதர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை! சுனாமி வந்து இரண்டு வருஷம் கழித்து வேலையை விட்டுவிட்டு வந்தார். பாண்டிச்சேரியில் ஊர் திரும்பிக்கொண்டிருந்த ஒரு வெளிநாட்டுக்காரரிடம் பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கினார். உள்ளே இரண்டு படுக்கை, ஒரு ஸ்டவ், பின்னால் கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்கிற சின்ன மோட்டார். என் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "கடலு ஊருக்குள்ள வந்தத கண்ணால பாத்துட்டும் நீங்க கடலுக்குள்ள போறீங்களே!"

எனக்கு மட்டும் உள்ளுக்குள் சந்தோஷம். பதினெட்டு வருஷப் பேச்சு மிச்சம் இருக்கிறதே!

பொங்கல் முடிந்து கிளம்பினோம். வாடைக்காற்றில் தெற்கே போவது, வெயில் காலத்தில் தெற்கத்திக் காற்று பிடித்ததும் திரும்புவது. கடலூர், பரங்கிப்பேட்டை, காரைக்கால், நாகப்பட்டினம். அதற்குத் தெற்கே போக வேண்டாம், இலங்கைச் சண்டை நேரம் என்று துறைமுகத்தில் சொல்லிவிட்டார்கள். பகலில் ஓட்டம். சாயங்காலம் ஏதாவது ஆற்று முகத்துவாரத்தில் நங்கூரம்.

அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. பாய் காற்றைப் பிடித்ததும் சத்தமே இல்லாமல் படகு வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் பேச்சு?

"என்னாங்க, அங்க பாருங்க... டால்பின்!"

"ம்."

"கொழம்பு எப்டி இருக்குது?"

"நல்லாருக்குது."

அவ்வளவுதான். பாயைப் பார்ப்பார், கயிற்றைப் பார்ப்பார், மேகத்தைப் பார்ப்பார். கோபமா என்றால் இல்லை. முகம் தெளிவாகத்தான் இருக்கும். நான் சேர்த்து வைத்த பேச்செல்லாம் ஒரு வாரத்தில் தீர்ந்தது. சாயங்காலத்தில் கரையில் விளக்கு எரியும். எங்கேயோ ஸ்பீக்கரில் பாட்டு கேட்கும். யார் வீட்டிலோ மீன் வறுக்கிற வாசனை வரும். திண்டிவனத்தில் ஒற்றை ஆளாக இருந்தபோதுகூட நான் அவ்வளவு தனியாக இருந்ததில்லை.

பரங்கிப்பேட்டையில் மீன் விற்கிற அம்மா ஒருத்தி படகை அண்ணாந்து பார்த்துக் கேட்டாள். "என்னாக்கா, ஒனக்கு வூடு வாசல் இல்லியா?"

"இருக்குதே... பெரிய வூடு."

"அப்பறம் இதுல கெடந்து எதுக்கு அல்லாடற?"

அவளை விடவில்லை நான். கூடை காலியாகிறவரை பிடித்து வைத்துப் பேசினேன்!

ஏப்ரலில் திரும்பினோம். கடலூரை விட்டுக் கிளம்பிய காலையில் சொல்லிவிட்டேன். "நான் பாண்டில எறங்கிக்கிறேங்க. என்னால முடியல."

பாய்க் கயிற்றை இழுத்துக் கட்டினார். "சரி" என்றார்.

ஒரு 'ஏன்' கேட்கக் கூடாதா? ஒரு வார்த்தை திட்டக் கூடாதா?

மத்தியானம் முன்பாயின் கயிறு சிக்கிக்கொண்டது. சுக்கானை என் கையில் கொடுத்துவிட்டு முன்னால் போனார். ஒரு அலை தூக்கிப் போட்டது. நிமிர்ந்து பார்த்தால் ஆளைக் காணோம்.

படகு நிற்கவில்லை. பின்னால் ஒரு தலை மட்டும் தெரிகிறது, சின்னதாகிக்கொண்டே போகிறது. எனக்கு நீச்சல் தெரியாது. அப்போதுதான் அவர் குரல் கேட்டது. பதினெட்டு வருஷத்தில் அவர் கத்தி நான் கேட்டதில்லை.

"ரீட்டா! பாய எறக்கு! கயித்த அவுத்து வுடு... ஜல்தி!"

அவிழ்த்தேன். பாய் பொத்தென்று என் மேலேயே விழுந்தது. மோட்டார் கயிற்றை இழுத்தேன். கிளம்பவில்லை. மறுபடி இழுத்தேன். மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டு இழுத்த இழுப்பில் உறுமியது. திருப்பினேன். அலைக்கு நடுவில் தலை தெரிகிறது, மறைகிறது. தெரியாதபோதெல்லாம் குரல் மட்டும் — "ரீட்டா... ரீட்டா... இங்க இருக்கறேன்!"

கிட்டே போனதும், "ஆஃப் பண்ணு!" என்றார். நிறுத்திவிட்டுக் கயிற்றை வீசினேன். பிடித்துக்கொண்டார். ஏணியில் ஏறி வந்து விழுந்தவரை இரண்டு கையாலும் அடித்தேன். அழுதுகொண்டே அடித்தேன்.

ஈரம் சொட்டச் சொட்ட உட்கார்ந்து அன்றைக்கு அவர் பேசினார். "வெள்ளிக்கெழம போனுக்கு வாரம் பூரா மனசுலயே பேசிப் பாத்துக்கினு இருப்பேன். இத மொதல்ல சொல்லணும், இத அப்பறம் சொல்லணும்னு. ரூம்ல யாருகிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன். இப்ப நீ எதிர்லயே உக்காந்துக்கினு இருக்கற... என்னா பேசறதுன்னே தெர்ல ரீட்டா."

அப்புறம் சொன்னார். "போவாத."

பாண்டியில் படகைக் கட்டினோம். "நீங்களும் வந்துருங்க" என்றேன். அவர் படகைப் பார்த்தார். இன்றைக்குப் பேசினார், நாளைக்குப் பேசுவாரா? பையைத் தூக்கிக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறிவிட்டேன்.

அவர் படகிலேயே தங்கிவிட்டார். ஆறு மாதம் போய் ஐப்பசி மழை ஆரம்பித்திருந்தது. ஒரு மத்தியானம் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். தோளில் ஒரு பை. "வித்துட்டேன்" என்றார். "சாப்டீங்களா?" என்றேன். எங்கள் சமாதானப் பேச்சுவார்த்தை அத்தோடு முடிந்தது.

அதற்குப் பிறகு சில வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். தெருவில் யார் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி ஒழுகினாலும் போய் ஃபைபர் ஒட்டிக் கொடுப்பார். பேச்சு அதிகமாகிவிட்டதா? இல்லை. பேப்பர் படிப்பார். நான் பேசுவேன், அவர் பக்கத்தைத் திருப்புவார். ஒருநாள் காலையில் காபி டம்ளரைக் கீழே வைத்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். அவ்வளவுதான்.

பேசாத மனிதர் பக்கத்தில் இருப்பதும், பக்கத்தில் மனிதரே இல்லாததும் ஒன்றுதானே என்று நினைத்துத்தான் பாண்டியில் இறங்கினேன்.

ஒன்றில்லைங்க.