மெயின்லேண்ட் வாத்து

அந்தமானில், சிப்பிகாட் பேருந்து நிறுத்தத்தில் காத்திருக்கிறேன். எதிரே ஓவியர் ஒருவர் ஏணியில் நின்று 'அந்தமான் வாத்தைப் பிடிக்காதீர்' என்ற பலகைக்குப் படம் வரைகிறார். நான்கு மணிக்குப் பலகைத் திறப்பு விழா, இப்போது மூன்று.

டீக்கடைக்காரப் பெண் எட்டிப் பார்க்கிறார். "அரே அண்ணே, நம்ம வாத்துக்குக் கண்ணைச் சுத்தி இருக்குற வெள்ளை எங்க? இது கடலுக்கு அந்தப் பக்கம் இருக்குற மெயின்லேண்ட் வாத்து!"

"நெட்ல வந்த போட்டோதான். இவ்வளவு உன்னிப்பா யாரு பாக்கப் போறா?"

"பிடிக்கிறவன் பாப்பான். 'படத்துல இருக்குறது வேற'ன்னு நம்ம வாத்த சட்டியில போட்டுருவான்."

ஓவியர் யோசிக்கிறார். ஈரப் பெயின்ட்டைத் துணியால் துடைத்துத் தலையை மட்டும் அழிக்கிறார். பிறகு, பின்னால் நீர் தேங்கிய வயலைத் திரும்பிப் பார்க்கிறார். அங்கே நிஜ வாத்துகள் தலையை நீருக்குள் விட்டு, வாலைக் காட்டியபடி மேய்கின்றன.

"கொஞ்சம் மூஞ்சியக் காட்டுங்களேன், டைம் ஆவுது" என்று கெஞ்சுகிறார்.