படத்தில் பெயர் எழுதாத இடம்

1. திங்கட்கிழமை காலை. என் மகள் நித்யா, வயது நாலரை, 'வயிறு வலிக்குது' என்றாள். ஓம வாட்டர் கொடுத்தேன்.

2. செவ்வாய். அதே வலி. "சாக்லேட் தின்னு தின்னு பூச்சி விழுந்திருக்கும்" என்று கணவர் தீர்ப்புச் சொன்னார். பூச்சி மருந்து கொடுத்தோம்.

3. புதன். இங்கே செகந்திராபாத்திலேயே, மௌலா அலி ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து என் நாத்தனார் வந்து சேர்ந்தார். பார்த்த உடனே "திருஷ்டி" என்றார். உப்பும் மிளகாயும் அடுப்பில் வெடித்தன. வீடு முழுக்க இருமல்.

4. வியாழன் காலை. காய்ச்சல் நூற்றிரண்டு. அவளைத் தூக்கிக்கொண்டு நான் வேலை பார்க்கும் ஃபேக்டரியின் டிஸ்பென்சரிக்கு ஓடினேன்.

5. வலி வயிற்றிலேயே இல்லை.

இந்த ஐந்தாவது பாயிண்ட்டைத்தான் இந்த வாரம் உங்களோடு பேச வேண்டும். எப்படிப் பேசுவது என்றுதான் தெரியவில்லை. பத்திரிகை ஆசிரியர் இந்தப் பத்தியைப் போடுவாரா என்பது அடுத்த சந்தேகம்.

டிஸ்பென்சரி டாக்டர் தெலுங்குப் பெண்மணி. குழந்தைகளிடம் பொறுமையாகப் பேசுவார். "எக்கட நொப்பி, பங்காரம்?" என்று கேட்டார். எங்கே வலிக்கிறது, தங்கம்?

நித்யாவின் கை வயிற்றுக்குப் போனது. அங்கிருந்து மெல்லக் கீழே இறங்கியது. நான் சட்டென்று அந்தக் கையைப் பிடித்து மேலே இழுத்தேன்.

யோசித்துச் செய்யவில்லை. மூக்கில் விரல் வைத்தால் தட்டிவிடுவோமே, அந்த மாதிரி... கை தானாகப் போனது.

டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "சுதா காரு, ஆ செய்யி வதலண்டி" என்றார். அந்தக் கையை விடுங்கள்.

விட்டேன். நித்யாவின் கை போக வேண்டிய இடத்துக்குப் போனது. ஒன்றுக்குப் போகும்போது எரிகிறது என்று தெலுங்கிலேயே சொன்னாள். நாலு நாளாக எரிகிறதாம். பரிசோதித்ததில் சிறுநீரில் இன்ஃபெக்ஷன். ஒரு வாரத்துக்கு சிரப், நிறையத் தண்ணீர். "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கிட்னி வரைக்கும் போயிருக்கலாம்" என்று டாக்டர் சாதாரணமாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "ஏண்டி, வயிறுன்னு ஏன் சொன்னே?"

"நான் திங்கட்கிழமையே காமிச்சேனே. நீதான் 'ச்சீ, கைய எடு'ன்னே."

"அப்புறம் வாயால சொல்லியிருக்கலாமே?"

"அதுக்குப் பேரு தெரியலை. பக்கத்துல வயிறுதான் இருந்துச்சு."

பக்கத்தில் வயிறுதான் இருந்தது! எங்கே பக்கத்தில் என்றால்... சுவரில். அது என் கைவேலை. பள்ளியில் தெலுங்கு, தெருவில் ஹிந்தி என்று வளர்கிற பெண்ணுக்குத் தமிழ் மறந்துவிடக் கூடாதே என்று, டிராயிங் ஷீட்டில் ஒரு குழந்தையின் உருவம் வரைந்து, அம்புக்குறி போட்டு, இருபத்தேழு உறுப்புகளுக்குத் தமிழ்ப் பெயர் எழுதி மாட்டியிருக்கிறேன். புருவம் உண்டு. கணுக்கால் உண்டு. முழங்கைக்கு இரண்டு அம்பு. தொப்புளுக்கு அடுத்து நேராகத் தொடை. நடுவில் வெறும் வெள்ளைத் தாள்.

டெஸ்டிங் செக்‌ஷனில் எனக்கு ஒன்பது வருட சர்வீஸ். ஒரு பாகத்துக்குப் பெயர் எழுதாமல் டிராயிங் வந்தால் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்புவேன். இதை நானே வரைந்து, நானே சரிபார்த்து, ஆணியும் அடித்திருக்கிறேன்.

சரி, இப்போது எழுதிவிடலாம். ஆனால் என்னவென்று எழுதுவது?

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு ஒரு நோட்டை எடுத்துக் கட்டம் போட்டேன். மூன்று டெஸ்ட். குழந்தை வாயில் நுழைய வேண்டும். பள்ளியில் டீச்சருக்குப் புரிய வேண்டும். நான் முகம் சிவக்காமல் சொல்ல வேண்டும்.

'பிறப்புறுப்பு' என்று எழுதினேன். பாடப் புத்தகத்துத் தமிழ், குறை சொல்ல முடியாது. ஆனால் நித்யா "பிறப்புன்னா என்னம்மா?" என்று கேட்பாள். ஒரு பெயர் சொல்லப் போய் நான் எங்கே போய் நிற்பேன்? அடித்தேன். ஆங்கில மருத்துவப் பெயரை எழுதினேன். மூன்றாவது டெஸ்ட்டில் நானே ஃபெயில். 'ஷேம் ஷேம்' என்று காலனியில் பாதி வீடுகளில் சொல்கிறார்கள். அவமானம் என்பதையே ஒரு உறுப்புக்குப் பெயராக வைப்பதா? அதையும் அடித்தேன். 'பூ' என்று எழுதினேன். கேட்க அழகாக இருக்கிறது. "பூ எரியுது" என்றால் எந்த டீச்சருக்குப் புரியும்?

நாத்தனார் எட்டிப் பார்த்தார். நான் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன்.

"என்ன சுதா, மளிகை லிஸ்டா?"

விஷயத்தைச் சொன்னேன். கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஐயையோ! பொம்பளப் புள்ளைக்கு இதெல்லாமா சொல்லித் தருவாங்க?"

"உங்க பையனுக்குச் சொல்றீங்களே அண்ணி? குளிப்பாட்டும்போது கொஞ்சிக் கொஞ்சிக் கூப்பிடுறீங்க. நாங்க ஹால்ல உட்கார்ந்திருக்கும்போதே!"

"அவன் ஆம்பளப் புள்ள. அது வேற."

எப்படி வேறு என்று கேட்டேன். அண்ணி நிஜமாகவே யோசித்தார். "தெரியலயே..." என்றார். பாவம், அவரைக் குழப்பிவிட்டேன். ஆனால் அவர் சொன்ன 'அது வேற' நடைமுறையில் உண்மைதான். எங்கள் எல்லோர் வீட்டிலும் பையன்களுக்கு நாலைந்து செல்லப் பெயர்கள் உண்டு. விருந்தாளிகள் முன்னால் சொல்லிச் சிரிப்போம். பெண்ணுக்கு ஒன்றுகூடக் கிடையாது. எனக்கு என் அம்மா ஏதாவது சொல்லித் தந்தாரா? ஞாபகத்தைக் குடைந்து பார்த்தேன். 'கால ஒடுக்கி உட்காரு' என்பது மட்டும்தான் வந்தது.

சாயங்காலம் கணவரைப் பிடித்தேன். செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர். கஷ்டமான பேச்சு என்றால் தமிழை விட்டு நழுவிவிடுவார்.

"நக்கோ சுதா, வேண்டாம். நாலு வயசுக் குழந்தைக்கு எதுக்கு இதெல்லாம்? வளர வளரத் தானா தெரிஞ்சுப்பா."

"யார் சொல்லி?"

"யாராவது... ஃப்ரெண்ட்ஸ்."

"அந்த ஃப்ரெண்ட்ஸுக்கு யார் சொல்லித் தந்திருப்பாங்க?"

பேப்பர் முகத்துக்கு மேலே ஏறியது. பிறகு பேப்பருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்: "ஏதாவது ஒரு பேரை வெச்சுட்டு எங்கிட்டயும் சொல்லு. நான் அவளைக் கூட்டிட்டுப் போற அன்னைக்கு டாக்டர்கிட்ட என்ன சொல்றது?"

ஆக, அவருக்கும் தெரியாது.

சனிக்கிழமை ஃபேக்டரி கேன்டீனில், என் பெஞ்சுக்குப் பக்கத்து பெஞ்சில் வேலை செய்யும் நஸீமிடம் புலம்பினேன். அவளுக்கு இரண்டு பெண்கள். எந்த மொழியிலாவது ஒரு நல்ல சொல் இருக்காதா என்று ஆசை. நஸீம் டீயை உறிஞ்சிவிட்டு, "ஹவ், ஆமா, எங்க வீட்லயும் பேர் இல்லை. 'வோ ஜகா'ன்னுதான்" என்றாள். அந்த இடம்! எதிரே இருந்த விஜயலட்சுமி தெலுங்கு. "மேமு கூட அந்தே" என்றாள். நாங்களும் அப்படித்தான்.

மூன்று மொழிக்காரிகள். மூன்று பேரும் இன்ஜினியர்கள். ரெசிஸ்டருக்கும் கெபாசிட்டருக்கும் நம்பர் மனப்பாடம். இதில் மட்டும் மூன்று பேரும் ஒன்றும் தெரியாமல் டீ குடித்துக்கொண்டிருந்தோம். போகும் வழியில் டிஸ்பென்சரியில் எட்டிப் பார்த்து டாக்டரையே கேட்டுவிட்டேன். "மீ இன்ட்லோ ஏமன்ட்டாரு டாக்டர் காரு?" உங்கள் வீட்டில் என்ன சொல்வீர்கள்? அவர் பேனாவை மூடிவைத்துவிட்டுச் சிரித்தார். "நோயோட பேரு எனக்கு நல்லாத் தெரியும். என் பொண்ணுகிட்ட நானும் 'அக்கட'ன்னுதான் சொல்றேன்." அங்கே!

ஆனால் திங்கட்கிழமை நித்யா மறுபடி பள்ளிக்குப் போக வேண்டும். சிரப் முடிவதற்குள் மறுபடி எரிந்தால் உடனே தெரிய வேண்டும் என்பது டாக்டர் கண்டிப்பு. பகல் முழுக்க நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். அவள் யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை குளிப்பாட்டும்போது ஆரம்பித்தேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"நித்யா, இங்க எரிஞ்சா, 'ஒண்ணுக்குப் போற இடம் எரியுது'ன்னு சொல்லணும். டீச்சர்கிட்ட தெலுங்குல சொல்லு, அத்தைகிட்ட தமிழ்ல சொல்லு. அம்மா திட்ட மாட்டேன். நான், அப்பா, டாக்டர் தவிர வேற யாராவது அங்க தொட்டாலும் சொல்லணும். சரியா?"

"சரி." தண்ணீரைத் தட்டினாள். பிறகு, "அம்மா... மூக்கை மோந்து பாக்குற இடம்னா சொல்றோம்?"

"இல்லை."

"மரி, தானி பேரேன்ட்டி?"

அப்படியானால் அதன் பெயர் என்ன? நல்ல கேள்வி. தமிழ்நாட்டில் படித்து, ஆந்திராவில் வேலை பார்த்து, முதல் வகுப்பில் பாஸான அம்மாவிடம் பதில் இல்லை. "அம்மா யோசிச்சுச் சொல்றேன்" என்று சொம்பை எடுத்துத் தலையில் ஊற்றினேன். நான் கையை இழுத்ததை அவள் மறக்க வேண்டும், அதற்கு ஒரு சொல் மட்டும் போதுமா என்பதும் தெரியவில்லை.

இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்கிறேன். இவ்வளவு நீளப் பத்தியில் அந்த ஒரு பெயரை நானும் எழுதவில்லை. வாசகர்களே, உங்கள் வீட்டில் என்ன சொல்கிறீர்கள்? ஒரு கார்டு போடுங்கள். கேலிக்கு இல்லை. நிஜமாகவே எனக்குத் தேவை.

நேற்று திங்கள் சாயங்காலம். ஃபேக்டரி பஸ்ஸை விட்டு ஏ.எஸ்.ராவ் நகர் ஸ்டாப்பில் இறங்கினேன். அண்ணி நித்யாவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். என்னோடு வேலை பார்க்கிற பத்துப் பதினைந்து பேர் பின்னாலேயே இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா! ஒண்ணுக்குப் போற இடம் இன்னைக்கு எரியவே இல்லை!" என்று நித்யா தெரு முழுக்கக் கேட்கக் கத்தினாள்.

அண்ணி எதிர்ப்பக்கத்து சைக்கிள் கடையை அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தார். எனக்குக் காது வரை சூடு. "அப்படியா? ரொம்ப நல்லது" என்றேன், அவளுக்குக் கேட்கிற அளவு சத்தமாக.

இன்றைய நிலவரம்: காய்ச்சல் இல்லை. எரிச்சல் நின்றுவிட்டது. சிரப் இன்னும் இரண்டு நாளைக்கு. பெயர் இன்னும் முடிவாகவில்லை.