வராண்டாவில் வைத்த பயிற்சிப் பெட்டி

எண்பதுகளின் கடைசியில், தாம்பரத்தில் ராணுவத்துக்கு ஒப்பந்தம் போடும் ஒரு அலுவலகத்தில் எனக்குக் குமாஸ்தா வேலை. ஊரப்பாக்கத்திலிருந்து மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு வருவேன். வருஷா வருஷம் கோடையில் எங்களுக்கு ஒரு வாரம் டெண்டர் பயிற்சி நடக்கும். வெளியூரிலிருந்து வரும் அதிகாரி இங்கிலீஷில் விதிகளைப் படிப்பார், நாங்கள் கொட்டாவியை மென்று விழுங்குவோம். முடிவில் ஒரு பரீட்சை. தேறினால்தான் பதவி உயர்வு. எனக்கு நாற்பது வயதைத் தாண்டியும் அது கிடைக்கவில்லை.

அந்த வருஷம் செய்முறைப் பயிற்சி என்று ஒன்றைச் சேர்த்தார்கள். நாங்களே பொய் டெண்டர் எழுதி, உறை ஒட்டி, ஒரு பெட்டியில் போட்டு, சாயங்காலம் முறைப்படி திறக்க வேண்டும். வகுப்பில் இடமில்லாததால் பெட்டியை வராண்டாவில் வைத்தார்கள். நிஜப் பெட்டி உள்ளே அலுவலக அறையில் இருந்தது. இரண்டுக்கும் ஒரே சிவப்புப் பெயின்ட், ஒரே மாதிரிப் பூட்டு. 'பயிற்சிக்கு மட்டும்' என்று இந்தியிலும் இங்கிலீஷிலும் எழுதி ஒட்டியிருந்தோம். தமிழில் எழுத யாருக்கும் தோன்றவில்லை.

செய்முறைப் பயிற்சி நடந்த அன்றைக்கே ராணுவ மெஸ்ஸின் சலவை ஒப்பந்தத்துக்கும் நிஜ டெண்டர் திறந்தார்கள். பல வருஷமாக அந்தத் துணிகளை வெளுத்தவர் பம்மல்காரர் ஒருவர். எங்கள் செக்‌ஷன் சட்டைகளையும் அவர்தான் தேய்த்துத் தருவார். அவர் வீட்டில் ஐந்து பேர் அந்த ஒரு வேலையை நம்பித்தான் இருந்தார்கள்.

மூன்று மணிக்கு எல்லா உறைகளையும் பிரித்து விலையை உரக்கப் படித்தார்கள். அவருடைய உறை மட்டும் இல்லை.

"காலைலயே போட்டேன் சார்," என்றார். "வராண்டாவுல பொட்டி கீதுன்னு கேட்ல சொன்னாங்கோ."

யாரும் நம்பவில்லை; பயிற்சிப் பெட்டியையும் நான்கு மணிக்கு முன்னால் திறக்கக் கூடாது என்றுவிட்டார்கள். ஆனாலும் அவர் போகாமல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

நான்கு மணிக்குப் பயிற்சிப் பெட்டியைத் திறந்தோம். எங்கள் பொய் உறைகளுக்கு நடுவே ஓரத்தில் சலவை நீலம் பட்ட ஓர் உறை. பம்மல்காரருடையதுதான்.

பயிற்சி அதிகாரிக்கோ ஏகப்பட்ட சந்தோஷம். "நிஜ உதாரணமே கிடைத்துவிட்டது. இதைத் திறக்கலாமா, கூடாதா?" என்று வகுப்பைக் கேட்டார்.

"பெட்டியை வைத்தது நாம்தானே சார்," என்றேன். "நேரத்துக்குத்தானே போட்டிருக்கிறார்?"

"அனுதாபம் சரி. விதி என்ன சொல்கிறது?"

குறித்த பெட்டியில் குறித்த நேரத்தில் இல்லாதது வராததற்குச் சமம். மற்றவர்கள் விலையையும் படித்தாகிவிட்டது. மேலதிகாரியும் அதையே சொன்னார். போய்த் தொலையட்டும் என்று பதவி உயர்வை மறந்து நான் கத்தியிருக்கலாம். கத்தினாலும் உறையைப் பிரித்திருக்க மாட்டார்கள். அதை மரத்தடியில் இருந்தவரிடம் திருப்பிக் கொடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது.

அவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிரிக்கவே இல்லியா சார்?"

"இல்லைப்பா."

"என் ரேட்டு இன்னான்னுகூடப் பாக்கலியா?"

அவர் உறையை மடிக்காமல் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு போனார்.

வார முடிவில் பரீட்சை. அன்று காலை தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் அவர் என் சட்டையோடு நின்றிருந்தார். மெஸ் வேலை கைவிட்டுப் போனாலும் என் சட்டையை மறக்கவில்லை.

"பரிச்சன்னு சொன்னீங்களே சார். கஞ்சி கொஞ்சம் தூக்கலா போட்டுகீறேன்."

ஸ்டேஷனிலேயே சட்டையை மாற்றிக்கொண்டு போனேன். கேள்வித்தாளில் முதல் கேள்வியே அவருடைய உறைதான்: பயிற்சிப் பெட்டியில் விழுந்த டெண்டரை என்ன செய்வீர்கள்? கழுத்தில் காலர் அறுத்துக்கொண்டே இருந்தது. திறக்கக் கூடாது என்று எழுதினேன். முழு மதிப்பெண் போட்டார்கள்.