தொமேகிச்சியின் இடுப்புக் கயிறு

எங்கள் ஊர் ஒலிபெருக்கி குளிர்காலம் முழுக்கத் தினம் காலையில் ஒரே பாட்டைத்தான் பாடும்: "கூரைப் பனியைத் தள்ள யாரும் தனியாக ஏறாதீர்கள். இடுப்பில் கயிறு கட்டுங்கள். பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு ஏறுங்கள்." இதைத் தெளிவாகக் கேட்க ஊரிலேயே நல்ல இடம் கூரை முகடுதான். தனியாக, கயிறில்லாமல், மண்வாரியை ஊன்றி நின்றுகொண்டு எல்லாரும் பயபக்தியோடு கேட்போம். உபதேசம் ஊருக்குத்தானே, நமக்கென்ன?

எதிர்வீட்டுத் தொமேகிச்சி மட்டும் சட்டத்தை மதிப்பவர். இடுப்பில் கயிறு கட்டாமல் ஏறவே மாட்டார். மறுமுனை எதிலும் கட்டியிருக்காது, அவ்வளவுதான். அது பாட்டுக்கு வால் மாதிரி பின்னால் இழுபடும்.

"அந்த முனையையும் எதுலயாவது கட்டுங்க அண்ணே!" என்று என் டோஃபு கடை வாசலிலிருந்து கத்துவேன்.

"இடுப்புல கட்டுன்னுதானேய்யா சொல்றான்? கட்டியிருக்கேன்ல? டோக்கியோல நாப்பது மாடி உசரத்துல நடந்தவன் நான். இந்தக் கோழிக்கூண்டுக்கு ஒரு கயிறு கேடா?"

அந்த டோக்கியோ புராணத்தைக் கேட்காத காது எங்கள் ஊரில் இல்லை. அறுவடை முடிந்ததும் ஆம்பளைகள் கட்டட வேலைக்கு டோக்கியோ போய், நாற்று நடும்போது திரும்புவது அந்தக் காலத்து வழக்கம். அதாவது கூரையில் பனி ஏறும்போது ஊரில் இருக்கமாட்டார்கள். அது உருகி ஓடியபின் வந்து இறங்கி, "இந்த வருஷம் பனி கம்மியோ?" என்று கேட்பார்கள். தொமேகிச்சியும் கல்யாணமானதிலிருந்து அப்படித்தான். அத்தனை குளிர்காலமும் அந்தக் கூரையில் ஏறியவள் அவர் மனைவி மசானோ. அவர் வேலையை விட்டு ஊரோடு வந்த அந்தக் கோடையிலேயே அவள் நெஞ்சுவலியில் போய்விட்டாள், பாவம். அதற்கடுத்த பனிக்குத்தான், அறுபது தாண்டிய வயதில், மனுஷர் தன் வீட்டுக் கூரையை முதன்முதலாக மேலே நின்று பார்த்தார். ஒரே மாதத்தில் ஊருக்கே யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அவருக்கு இருக்கும் ஒரே பக்கத்து வீடு கினுயேயுடையது. இவர் தள்ளும் பனியில் பாதி அவளுடைய முள்ளங்கிக் குழிமேல் போய் விழும். குளிர்காலத்துக்கென்று வைக்கோல் மூடிப் புதைத்த முள்ளங்கியை எடுக்க அவள் ஆள் உயரத்துக்குத் தோண்ட வேண்டும்.

"ஏய்யா, என் முள்ளங்கிக்குச் சமாதி கட்டுறியா?"

"பனி வானத்துலேருந்து வருது. வானத்தைப் போய்க் கேளு."

அன்றோடு பேச்சுவார்த்தை முடிந்தது. ஏறுமுன் குரல் கொடுப்பது முறை என்று நான் நினைவுபடுத்தினால், "அவகிட்டயா? செத்தாலும் மாட்டேன்" என்பார். போன குளிர்காலத்தில் அதற்கும் கிட்டத்தட்ட ஏற்பாடாகிவிட்டது.

அப்படியொரு பனியை நாங்கள் பார்த்ததில்லை. பகலிலேயே விளக்குப் போட்டு உட்கார்ந்திருந்தோம். கூரை கனத்து உத்தரம் இறங்கினால் முதலில் உள்ளறைக் கதவுதான் நகராமல் சிக்கும். தொமேகிச்சி வீட்டில் மசானோவின் படம் இருக்கும் அறையின் கதவு சிக்கிக்கொண்டது. அன்றைக்கென்று திடீர் வெயில். வெயிலில் கூரைப்பனி அடியில் இளகிக் கிடக்கும், பைத்தியக்காரன்கூட ஏறமாட்டான். இவர் ஏறினார்.

கினுயே தன் வீட்டுக்குள் தயாராக உட்கார்ந்திருந்தாள். முதல் கட்டி தன் பக்கம் விழுந்ததும் வெளியே வந்து என்னென்ன திட்டுவது என்று வரிசையாக யோசித்து வைத்திருந்தாளாம். பக்கத்துக் கூரையில் மண்வாரி சரக், சரக்கென்று கேட்டது. பிறகு வீடு அதிர 'தொம்' என்று ஒரு சத்தம். அதன்பின் ஒன்றுமில்லை. குழிமேல் ஒரு பிடி பனி விழவில்லை, மண்வாரிச் சத்தமும் இல்லை.

திட்டத் தயாராக இருந்தவள் திட்டை மறந்து எழுந்தாள். கொல்லைப்பக்கம் ஓடினாள். பின்கூரைப் பனி மொத்தமும் ஒரே பாளமாகச் சரிந்து குன்று மாதிரி கிடந்தது. ஆளைக் காணோம். குன்றின் ஓரத்தில் ஒரு முழம் கயிறு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

"டோஃபுக்காரா! மண்வாரியை எடுத்துட்டு ஓடியாய்யா! கிழவன் உள்ள கிடக்கான்!"

நான் போய்ச் சேரும்போது அவள் வெறுங்கையால் கயிறு போகும் வழியே பறண்டிக்கொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் ரத்தம். இருவருமாகத் தோண்டினோம். நீலம் பாய்ந்த முகம் வெளியே வந்தது. கினுயே பளார் பளாரென்று கன்னத்தில் நாலு அறை விட்டாள். அதில் மருத்துவம் எவ்வளவு, முள்ளங்கி எவ்வளவு என்று எனக்குத் தெரியாது.

தொமேகிச்சி கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். "பாத்தியா... உன் பக்கம்... ஒரு பொட்டு விழலை."

குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை!

"நாசமாப் போறவனே! ஒரு குரல் குடுத்துட்டு ஏறினா உன் வாய் வெந்தா போயிடும்? மசானோ ஒரு நாள் தவறினதில்லை. 'கினுயே, ஏறுறேன்'ம்பா. 'இறங்கிட்டேன்'ம்பா. அதுவரைக்கும் நான் அடுப்பைக்கூட விட்டுட்டு காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன். ரெண்டு தடவை இதே இடத்துல அவளைத் தோண்டி எடுத்தேன், தெரியுமா உனக்கு?"

தொமேகிச்சிக்குப் பல் தந்தியடிப்பது சட்டென்று நின்றது. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொல்லாதேன்னா. சொன்னா அந்தாளு வேலையை விட்டுட்டு ஓடிவந்துடுவாரு, இல்லேன்னா அங்க ஒசரத்துல கால் நடுங்கிடும்னா."

நாற்பது மாடிக்காரர் பனிக்குள் இடுப்பளவு புதைந்தபடியே, குழந்தை மாதிரி விக்கி விக்கி அழுதார். கினுயே மட்டும், "அழுறதை உள்ள வந்து அழு, விறைச்சுத் தொலையப்போறே" என்று அக்குளில் கைகொடுத்து இழுத்தாள்.

அடுத்த பனி விழுந்த காலையில் கடை வாசலிலிருந்து பார்த்தேன். ஏணியடியில் தொமேகிச்சி. இடுப்புக் கயிறு கூரை முகட்டைத் தாண்டிப் போய்க் கினுயே வீட்டுச் சீமைப்பனிச்சை மரத்தில் இறுக்கிக் கட்டியிருந்தது. அவர் தொண்டையைச் செருமி, பாதி ஊருக்குக் கேட்கும்படி, "கினுயே, ஏறுறேன்!" என்றார்.

"ஏறித் தொலை!" என்று அவள் வீட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது.

அன்றும் பாதிப் பனி முள்ளங்கிக் குழிமேல்தான் விழுந்தது. அவள் காதைத் தீட்டிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் "இறங்கிட்டேன்!" என்று குரல் கேட்டபிறகுதான் கதவைத் திறந்து வந்து திட்ட ஆரம்பித்தாள்.